பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே சீட்டு

நான் பர்ச்சேஸ்காரன். என் மனைவி குவாலிட்டி. வேறு வேறு கம்பெனிதான், ஆனால் இரண்டுமே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கின்றன. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொருளை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மலிவாக வாங்கிப் போடலாம் என்று பார்ப்பவன் நான். வந்து இறங்கிய பொருளில் என்ன கோளாறு இருக்கிறது என்று தேடுவது அவள் வேலை. கத்திரிக்காயைக்கூட ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். நான் வாங்கி வந்தது என்றால் இரண்டு தடவை.

எங்கள் மகளுக்கு ஆறு மாதம் நிறையும் நேரத்தில் என் மனைவியின் பிரசவ விடுப்பு முடிந்தது. நாங்கள் இருப்பது வேப்பம்பட்டில். நான் அம்பத்தூரில் வேலை பார்த்த காலத்தில் லீசுக்கு எடுத்த மாடி வீடு. கம்பெனி கும்மிடிப்பூண்டிக்கு இடம் மாறியபோது லீசு முடிய இன்னும் காலம் இருந்ததால் நாங்கள் மாறவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் அவளுடைய அக்கா. அவர் இருப்பது எளாவூரில், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில். கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையை ஏற்ற மாட்டார்கள். ஆகவே தினமும் காலையில் எங்கள் சின்னக் காரில் மூன்று பேரும் கிளம்பி, பெரியபாளையம் வழியாகக் கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையைப் பிடித்து, எளாவூரில் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து வேலைக்குப் போக வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

என் வீட்டுப் பக்கம் ஒருவர் பாக்கியில்லாமல் அவளை வேலையை விடச் சொன்னார்கள். அவள் வீட்டுப் பக்கமும் அப்படித்தான், அக்காவைத் தவிர. அவளோ விடுப்பில் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் உள்ளே வரும் சரக்கு முழுவதுக்கும் பொறுப்பாக ஆகியிருந்தாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்கூட ஷெட்டுக்குள் போகாது. அந்த இடத்துக்கு வர அவளுக்கு ஒன்பது வருஷம் ஆனது. குழந்தையைக் காரில் பத்திரமாகக் கூட்டிப்போக முடிந்தால் வேலைக்குப் போவது, முடியாவிட்டால் விட்டுவிடுவது என்று அவளே ஒரு முடிவு சொன்னாள். மடியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது பத்திரம் இல்லை என்பதிலும் அவள் உறுதியாக இருந்தாள்.

பத்திரம் என்றால் சீட்டு. சீட்டு வாங்குவது என்றால் நான். கேட்கவே வேண்டாம், உற்சாகமாக இறங்கினேன்.

பிறந்த குழந்தைக்குத் தனி, ஒரு வயதுக்கு மேல் தனி, நாலு வயதுக்கு மேல் தனி என்று மூன்று வகை சீட்டு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கூடவே எல்லாம் ஒன்றில் அடங்கியதும் இருந்தது. முதலில் பின்பக்கம் பார்த்து மாட்டலாம், அப்புறம் முன்பக்கம் பார்த்துத் திருப்பலாம், கடைசியில் அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காரின் பெல்ட்டையே போட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வயது வரை ஒரே சீட்டு. மூன்று சரக்குக்கு ஒரு ஆர்டர். என் மாதிரி ஆளுக்கு இதைவிட இனிப்பான சொல் கிடையாது. அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

பெட்டி வந்ததும் அவள் சீட்டைத் தொடவில்லை. முதலில் விளக்கப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு நாள், குழந்தை தூங்கும் நேரமெல்லாம் பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சப்ளையரை உட்கார வைப்பது போலத்தான் இருந்தது.

அவள் சொன்ன குறைகளில் பாதியை நான் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். சீட்டு பெரிது, எங்கள் காரில் பின்பக்கம் பார்த்து மாட்டினால் முன் சீட்டை டேஷ்போர்டு வரை தள்ள வேண்டும், அதில் யாரும் உட்கார முடியாது. கனம், மாட்டினால் மாட்டினதுதான், நாளைக்கு வேறு ஒருவர் வண்டியில் போக நேர்ந்தால் தூக்கிக்கொண்டு போக முடியாது. சின்னக் குழந்தைக்கென்றே செய்த சீட்டு என்றால் குழந்தை தூங்கினால் கைப்பிடியோடு அப்படியே கழற்றி வீட்டுக்குள் கொண்டு போகலாம். இதில் பெல்ட்டை அவிழ்த்து எழுப்பித்தான் தூக்க வேண்டும். துணி கறுப்பு, எங்கள் பக்கத்து வெயிலில் மத்தியானம் வண்டியைத் திறந்தால் பக்கிள் சுடும். பன்னிரண்டு வருஷம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஆனால் அடியில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதைச் சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கண்டுபிடித்தவள் அவள்தான். பன்னிரண்டு வருஷம் என்ற சொல்லிலேயே மயங்கி வாங்கியவன் நான்.

இதெல்லாம் சில்லறை, பெரிய குறை வேறு என்றாள். அவர்கள் கம்பெனியில் துளை போடும்போது பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள ஜிக் என்று ஒரு சட்டம் இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜிக் இருந்தது. ஒரு வருஷம் பர்ச்சேஸில் யாரோ ஒரு புண்ணியவான் ஆறு பாகத்துக்கும் சேர்த்து ஒரே ஜிக்காக வாங்கிவிட்டார். ஜிக் நல்ல ஜிக்தான். ஆனால் ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு மாற்றும்போதெல்லாம் யாராவது ஒரு திருகை மறந்தார்கள், ஒரு பின்னைத் தப்பான துளையில் போட்டார்கள். அந்த வருஷம் ஸ்கிராப் குவிந்தது.

“மாத்துற எடத்துலதான் தப்பு வரும்பா. இதுல எத்தினி எடத்துல மாத்தணும் பாரு” என்று சீட்டைக் காட்டினாள்.

எண்ணிப் பார்த்தால் சாய்வு, தோள் பெல்ட்டின் உயரம், இடுப்புப் பெல்ட் போகும் வழி, உள்ளே வைக்கும் குட்டி மெத்தை என்று எல்லாமே மாற்றக்கூடியது. எல்லாமே மாற்றக்கூடியது என்பதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். அவளுக்கு அதுவே பயம்.

ஆனாலும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வந்த சரக்கை எப்படிச் சரியாகப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம் என்றாள். இந்தக் குணத்துக்காகவே அவள் கம்பெனியில் சப்ளையர்கள் அவளைத் திட்டிக்கொண்டே மதிப்பார்கள் என்று கேள்வி.

மாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் பார்த்து மாட்டும்போது சாய்வுதான் முக்கியம் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ரொம்ப நிமிர்ந்து இருந்தால் குழந்தை தூங்கும்போது தலை முன்னால் விழுந்து, முகவாய் நெஞ்சில் அழுந்தி, மூச்சுக்குத் தடையாகும். சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அது தரைக்கு இணையாக வரும்வரை சாய்வை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து மனையில் வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து, அந்தக் கோட்டின் மேல் பிடித்து, குமிழ் நடுவில் நிற்கும் வரை பார்த்துப் பார்த்து வைத்தேன். சாய்வை மாற்றும் பற்களில் மூன்றாவதில் சரியாக வந்தது. அவளைக் கூப்பிட்டுக் குமிழைக் காட்டினேன். கையில் குழந்தையோடு எட்டிப் பார்த்து, பரவாயில்லையே என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது லேசில்லை. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலைக்குச் சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். எளாவூர் வரை போய் வருவது. காலை நாஷ்டா முடித்துக் கிளம்பினோம். அவள் பின்னால், குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருநின்றவூர் தாண்டும் முன்பே குழந்தை தூங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டுப் போட்டேன், அவள் நிறுத்தச் சொன்னாள். குழந்தைக்காக என்று நினைத்தேன். அப்புறம் பெரியபாளையம் வரை பின்னாலிருந்து பேச்சே இல்லை.

கவரைப்பேட்டை வந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வலது கை குழந்தையின் முகவாய்க்குக் கீழே இருந்தது. தலை முன்னால் தொங்க, அதை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தாள். சொன்னால் வேலை போச்சு என்று நினைத்தாளோ என்னவோ, ஏறக்குறைய ஒரு மணி நேரமாக அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கையை எடுத்தால் முகவாய் நெஞ்சில் போய் ஒட்டுகிறது, மூச்சு குறட்டை மாதிரி வருகிறது என்றாள். ஒரு தடவை எடுத்துக் காட்டினாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். அவள் மட்டும் பின்னால் உட்காராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இப்போது எழுதும்போதும் என்னை விடவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பூட்டியிருந்த டீக்கடை ஒன்றின் ஓலை நிழலில் பெஞ்ச் கிடந்தது. அங்கே உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை ஒன்றும் நடக்காதது போலக் குடித்தது. பின்னால் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன்.

“நான் வேலய உட்டுடறேம்பா” என்றாள்.

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன். கொஞ்ச நேரம் அவள் பார்வையை எடுக்கவே இல்லை. அப்புறம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, வேறு யாரிடமோ விசாரிப்பது போலக் கேட்டாள்.

“ரசமட்டம் வெச்சிப் பாத்தியே, அப்போ வண்டி எங்க நின்னுச்சி?”

“எங்க நிக்கும்? நம்ம ஊட்டு வாசல்லதான்.”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வேப்பம்பட்டைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மழை வந்தால் தண்ணீர் தேங்கும் இடம். வீடு கட்டுகிற எல்லாரும் மண் கொட்டி, தெருவைவிட மூன்றடி, நாலடி உயர்த்தித்தான் கட்டுவார்கள். தெருவிலிருந்து கேட்டுக்கு ஒரு சிமெண்டுச் சரிவு ஏறும். எங்கள் வீட்டில் போர்ட்டிகோ கீழ்வீட்டுக்காரருக்குச் சொந்தம். எங்கள் கார் அந்தச் சரிவிலேயேதான் நிற்கும், அதுவும் நான் தினமும் பின்னோக்கி ஏற்றி, மூக்கு தெருவைப் பார்த்துத் தாழ்ந்திருக்கும்படி நிறுத்துவேன். இரண்டு வருஷமாக அப்படி நிறுத்தி நிறுத்தி, அது சரிவு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. சரிவில் நின்ற வண்டியில் குமிழை நடுவுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். வண்டி சமதரைக்கு வந்ததும் சீட்டு அந்த அளவுக்கு நிமிர்ந்துவிட்டது. ரசமட்டம் பொய் சொல்லவில்லை. அதை வைத்த ஆளுக்குத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை.

அவள் திட்டவில்லை. அவள் வேலையில் எதை அளப்பதற்கு முன்னாலும் அளக்கிற மேஜை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்களாம். அதைத் தானும் அன்றைக்கு மறந்து குமிழை மட்டும் பார்த்துவிட்டதாகச் சொல்லி, பழியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

இங்கேயே சரி பண்ணிவிடலாம் என்றேன். ரோட்டோரம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறது என்றாள். பெட்ரோல் பங்க் என்றேன். தண்ணீர் வடிவதற்காக அங்கேயும் வாட்டம் விட்டிருப்பார்கள் என்றாள். ஒரு நிமிஷம் யோசித்தவள், எடைமேடைக்குப் போகலாம் என்றாள். லாரி நிற்கிற எடைமேடை. அது மட்டமாக இல்லாவிட்டால் எடையே தப்பாகக் காட்டும், ஆகவே அதை மட்டமாக வைத்திருப்பது அவர்கள் பிழைப்பு. எனக்கு இது நூறு வருஷம் யோசித்தாலும் வந்திருக்காது.

சீட்டை அந்தாசாக ஒரு பல் சாய்த்து, மறுபடியும் கையால் தாங்கிக்கொண்டு, நான் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி, கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் இரும்பு லாரிகள் எடை போடும் ஒரு மேடைக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் ஒரு பழைய இரும்பு லாரி எடை போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இருந்த எடைமேடைக்காரர் எங்கள் காரைப் பார்த்து, வழி தெரியாமல் வந்துவிட்டோம் என்று நினைத்துக் கையால் திரும்பிப் போகச் சொன்னார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து காருக்குள் தலையை விட்டு அந்தக் கோட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்து மேடை முழுவதையும் கூட்ட ஆரம்பித்தார்.

“டயருக்குக் கீழ கல்லு கெடந்தா மட்டம் போயிடும்மா” என்றார்.

பல வருஷமாக எத்தனையோ பேரிடம் சரக்கு வாங்கியிருக்கிறேன். தன் பொருளை அந்த மனிதர் மதித்த மாதிரி மதித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காரை ஏற்றினேன். என் மனைவி உடனே கோட்டைப் பார்க்கவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அதன் பால் புட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி மேடையின் மேல் நிறுத்தினாள். புட்டியில் அளவுக்கோடுகள் அச்சடித்திருக்கும் இல்லையா, தண்ணீரின் மட்டம் அந்தக் கோட்டோடு ஒத்து நிற்கிறதா என்று குனிந்து, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். எடைமேடைக்காரர் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன். அவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். மட்டம்தான் என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

அப்புறம் அதே புட்டியைச் சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, கோட்டையும் தண்ணீரையும் ஒப்பிட்டு, சாய்வை ஐந்தாவது பல்லுக்கு மாற்றினாள். முழங்காலைச் சீட்டுக்குள் அழுத்தி பெல்ட்டை இழுத்தாள். அடியைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசைந்தது. மறுபடியும் அவிழ்த்து மறுபடியும் இழுத்தாள். புடவை முழுக்க வியர்வை. இதற்குள் பின்னால் ஆந்திரா லாரி ஒன்று வந்து நின்றுவிட்டது. ஹாரன் அடிப்பான் என்று நான் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கி வந்து, என்ன என்று விசாரித்தார்.

“நிதானமா பாரு நைனா. பாப்பா லோடு, அவசரம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் பீடியை வாயில் வைத்தவர், குழந்தையைப் பார்த்ததும் பற்ற வைக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து எளாவூர் பக்கம்தான். போகும் வழியிலேயே மகள் மறுபடியும் தூங்கினாள். தலை பின்னால் சாய்ந்து, பக்கவாட்டில் மெத்தையில் ஒதுங்கி நின்றது. என் மனைவி கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை மரத்துப் போயிருந்தது, விரலை மடக்க முடியவில்லை என்று அவள் அக்கா வீட்டில் சோறு பிசையும்போதுதான் தெரிந்தது. அக்கா ஊட்டிவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது பதினைந்து மாதம் ஆகிறது. அந்தச் சீட்டைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் குறைகளை ஒன்று விடாமல் சொல்கிறேன். காரை அடைத்துக்கொள்ளும், கனம், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டும், பால் கக்கினால் துணியைக் கழற்றுவதற்குள் பேஜாராகிவிடும். அடிக்கடி வண்டி மாறுகிறவர்களுக்கும் ரயிலிலும் ஆட்டோவிலும் போகிறவர்களுக்கும் அது வேண்டாத சுமை. எல்லா வயதுக்கும் பொருந்தும் என்றால் எந்த வயதுக்கும் தானாகப் பொருந்தாது, நாம்தான் பொருத்த வேண்டும். பொருத்தத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம் என்று முடிப்பேன். என் வீட்டில் இருக்கிறார். அதில் எனக்கு இருக்கும் கர்வத்தை மறைக்க நான் முயற்சி செய்வதில்லை.

பிள்ளை வளர வளர எதை மாற்றினாலும் அவள்தான் மாற்றுவாள். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை முதலிலிருந்து திறப்பாள், மனப்பாடமாக இருந்தாலும் சரி. சாய்வை மாற்றும் ஞாயிற்றுக்கிழமை எடைமேடைக்குப் போவோம். அவரும் துடைப்பத்தோடு வருவார்.

போன மாதம் ஒரு நாள் தோள் பெல்ட்டை ஒரு துளை உயர்த்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று மகளைத் தூக்கி வைத்திருந்தேன். ரொம்ப நாளாக உள்ளே அடைத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. டீக்கடை பெஞ்சில் அவள் வேலையை விடுகிறேன் என்று சொன்ன அந்த நொடியில், குழந்தைக்காகப் பயந்தது போக, எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. காலையில் அரக்கப் பரக்க ஓட வேண்டாம், வீட்டில் ஆள் இருக்கும், சூடாகச் சாப்பாடு இருக்கும், என் வீட்டார் வாயும் மூடும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. அவளுடைய ஒன்பது வருஷம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பு வரும்.

“அன்னிக்கு நீ வேலய உட்டுடறேன்னு சொன்னப்போ, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சி” என்றேன்.

அவள் பெல்ட்டைத் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் வருகிறதா என்று விரலால் தேடினாள்.

“தெரியும். உன் மூஞ்சியில பாத்தேன். அதப் பாத்தப்புறம்தான் வண்டி எங்க நின்னுச்சின்னு கேட்டேன்.”